மூன்றாவது துண்டு

கொமரலிங்கம்
7.7.2024

அக்கா,

உன் முருகனுக்குக் காது கேட்காது. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. பத்தொன்பது நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீயும் மச்சானும் வேல்விழியும் சுகமா? மச்சானின் இருமல் எப்படி இருக்கிறது? நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இப்போதைக்கு என் சுகம் அவ்வளவுதான்.

போன் ஏன் போகவில்லை என்று தவித்திருப்பாய். சிம்மைக் கழற்றி அமராவதி ஆற்றில் போட்டுவிட்டேன். என் போட்டோ ஊரெல்லாம் போனது போனில்தானே. கம்பெனி அட்டைக்கு நீ தலை சீவி அனுப்பி எடுத்த அதே போட்டோ. மேனேஜர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நம் மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி அதைப் போட்டு, கீழே எழுதினான்: ‘குழந்தைத் துணியில் ஊசி போட்டவன். யாரும் வேலைக்கு எடுக்க வேண்டாம்.’ மறுநாள் அவிநாசி ரோட்டில் வேலை கேட்டுப் போனேன். வாட்ச்மேன் என் முகத்தையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்தார். “தம்பி, அந்த ஊசிக்காரரு நீங்கதானுங்க?” என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். இந்த ஊரில் துரத்துவதும் ‘ங்க’ போட்டுத்தான்.

நடந்தது உனக்குத் தெரியும். அடுத்த லைனில் செக்கிங் டேபிளில் நின்று பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன். எழுதிப் பார்த்தால்தான் நான் செய்யவில்லை என்பது எனக்கே உறுதியாகிறது. ஜூன் 18. என் ஓவர்லாக் மெஷினில் ஊசி உடைந்தது. ஊசி உடைவது தப்பில்லை, அந்தக் கூரைக்கு அடியில் ஒரு நாளைக்குப் பத்து உடைகிறது. எல்லாத் துண்டையும் பொறுக்கி ஊசி ரூமில் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்கள். மதுமதி அந்தத் துண்டுகளை ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதி, மெஷின் நம்பர், பெயர் எழுதுவாள். ஒரு துண்டு குறைந்தாலும் சரக்கு வெளியே போகாது. என்னுடையது மூன்றாக உடைந்தது. இரண்டு கிடைத்தது. நுனி கிடைக்கவில்லை. காந்தம் வைத்துத் தரை முழுக்கத் தடவினோம். நாலாயிரம் கைக்குழந்தைச் சட்டைகளையும் மெட்டல் டிடெக்டரில் விட்டோம். கிடைக்கவில்லை. கண்டெய்னர் நின்றுபோனது.

முந்தின வாரம் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி பாத்ரூம் போய் வர ஏழு நிமிடம் ஆனதற்கு, ஈஸ்வரமூர்த்தி அவளை லைன் நடுவில் நிற்க வைத்தான். நான் மெஷினை நிறுத்தினேன். என்னைப் பார்த்து எட்டு மெஷின் நின்றது. அந்த எட்டு மெஷினுக்குப் பழிதான் இந்த ஊசி. வேண்டுமென்றே மறைத்தேனாம். சட்டையில் சொருகினேனாம்.

நீ என்ன சொன்னாய்? “முருகன் பாத்துக்கிடுவாரு.” பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

இங்கே கந்தவேல் என்பவரின் வெல்ல ஆலையில் பாகு கிண்டுகிறேன். அவரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, போட்டோ தெரியாது. அதனால்தான் வேலை கொடுத்தார்.

முருகன் பெயர் இல்லாமல் உன்னால் ஒரு கடிதம் எழுத முடியுமா என்று பார்.

உன் தம்பி
ராஜ்கமல்


திருப்பூர்
21.7.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்பதற்கு ஒரு தடவை, என்ன எழுதியிருக்கிறாய் என்பதற்கு ஒரு தடவை, நம் அம்மா இருந்திருந்தால் அவளுக்குப் படித்துக் காட்டியிருப்பேனே என்று ஒரு தடவை. நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். மச்சானுக்கு இருமல் குறைந்திருக்கிறது. கொதிக்கிற பாகுப் பக்கம் நிற்கிறாய், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்.

நீ சொன்னபடி அந்தப் பெயரை எழுதாமல் எழுதுகிறேன். ‘அவர்’ என்றால் யார் என்று உனக்குத் தெரியும்.

நான் அதே கம்பெனியில்தான் வேலை செய்கிறேன். திட்டாதே. நானும் வந்துவிட்டால் அந்தத் துண்டை யார் தேடுவார்கள்? சாப்பாட்டு மணி அடித்ததும் மதுமதியிடம் காந்தத்தை வாங்கிக்கொண்டு நாலாம் லைனுக்குப் போகிறேன். உன் மெஷினுக்கு அடியில், சுவரோரம், கட்டை இடுக்கு என்று ஒரு நாளைக்கு ஒரு இடம். மதுமதி கேலி செய்கிறாள். “அக்கா, நீங்க தடவித் தடவி தரையே வழுவழுன்னு ஆயிருச்சுங்க. மொதலாளி உங்களுக்குத் தனியா சம்பளம் குடுக்கோணும்” என்கிறாள். நல்ல பெண்.

இன்னொன்று. நீ போன அன்றைக்கு அவர் முன்னால் நின்று செருப்பைக் கழற்றிவிட்டேன். மூன்றாவது துண்டு கிடைக்கிறவரை போடமாட்டேன் என்று நேர்ந்திருக்கிறேன். கம்பெனிக்குள் எல்லோருமே வெறுங்கால்தானே, ரோட்டில்தான் கொஞ்சம் சூடு. மாதம் ஒரு ஞாயிறு அவர் இருக்கிற சிவன்மலைக்கும் போய் வருகிறேன். வலது குதிகாலில் ஒரு முள் ஏறியிருக்கிறது போல. கருவேலாக இருக்கும். அது கிடக்கட்டும்.

நீ செய்யவில்லை என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். மூன்று பேருக்குத் தெரிந்தது நாலாவது ஆளுக்குத் தெரிய எத்தனை நாள் ஆகிவிடும்?

வேளைக்குச் சாப்பிடு. வெறும் வெல்லத்தைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அக்கா
செல்லத்தாய்


கொமரலிங்கம்
18.8.2024

அக்கா,

எல்லோரும் சுகம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். எனக்குக் கையில் இரண்டு இடத்தில் பாகு தெறித்துப் புண். ஆறிவிட்டது. முழுக்கைச் சட்டை வாங்கிவிட்டேன், நிம்மதியா?

செருப்பில்லாமல் நடந்தால் ஊசி கிடைக்கும் என்று எந்த மெக்கானிக் சொன்னான்? உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, அதனால் உன் ‘அவரை’த் திட்டுகிறேன். ஈஸ்வரமூர்த்தி ஷூ போட்டுக்கொண்டு ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறான். நீ தார் ரோட்டில் கால் வெந்து நடக்கிறாய். தப்பு செய்தவனுக்குத் தண்டனை இல்லை. செய்யாதவனுக்கு ஒன்று, செய்யாதவனின் அக்காவுக்கு ஒன்று. இதற்குப் பெயர் நியாயமா? எனக்குப் புரியும்படி அவரைச் சொல்லச் சொல்.

நேற்று கந்தவேல் கேட்டார்: “ஏங்கண்ணு, டவுனுல நல்ல வேலைய உட்டுப்போட்டு இங்க வந்து ஏன் வேகற?”

“ஒரு ஊசி காணாமப் போச்சுங்க.”

“ஊசியா? எங்க ஊட்டுல வருசத்துக்கு ஒம்பது ஊசி காணாமப் போகுது. நான் ஊட்டுக்காரிய வெரட்டியா உட்டேன் சாமி?”

இரண்டு மாதத்தில் நேற்றுத்தான் சிரித்தேன். சிரித்து முடித்ததும் வெள்ளகோவில் ஞாபகம் வந்தது. அங்கே பேசி வைத்த பெண் வீட்டுக்கும் என் போட்டோ போயிருக்கிறது, உனக்குத் தெரியும், நீ எனக்கு எழுதவில்லை. நம் ஊர்க்காரர் ஒருவர் உடுமலை பஸ்ஸில் பார்த்துச் சொன்னார். “நாளைக்கு ஒரு பிள்ள பொறந்தா, அதுக்குச் சட்ட போடும்போதெல்லாம் எம்மக பயந்துக்கிட்டே இருக்கணுமா?” என்று பெண்ணின் அம்மா கேட்டாளாம்.

கேள்வியில் தப்பில்லை அக்கா. நான் அந்த அம்மாவாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அதுதான் வலிக்கிறது.

முள்ளை எடுத்தாயா?

ராஜ்கமல்


திருப்பூர்
22.9.2024

அன்புத் தம்பிக்கு,

கைப்புண் ஆறினது கேட்டு மனம் ஆறியது. தழும்புக்குத் தேங்காய் எண்ணெய் போடு. இங்கே எல்லோரும் சுகம். வேல்விழி காலாண்டுப் பரீட்சை எழுதுகிறாள்.

வெள்ளகோவில் விஷயத்தை எழுதாமல் விட்டது என் தப்பு. எழுத உட்கார்ந்தேன், எழுத்து வரவில்லை.

ஈஸ்வரமூர்த்தி போன வாரம் என்னைக் கூப்பிட்டார். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்.

“ஏனுங் செல்லத்தாயி, தம்பி ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா முடிஞ்சுதுங்க. ‘கோவத்துல செஞ்சுட்டேன், மன்னிச்சுருங்க’ன்னு ஒரு வரி. தீபாவளிக்குள்ள போட்டோவ எடுக்கச் சொல்லிடறேன். மறுபடி எங்கயாச்சும் வேலைக்குப் போவட்டும்.”

“செய்யாததை எப்படி சார் எழுதுறது?”

“எழுதறது கைதானுங்க? மனசா எழுதுது?”

இதை உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். ஆனால் எழுதுவதற்கு முன்னால் நம் தெருக்கோடிக் கோயிலில் பூக்கேட்டேன். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிகப்புப்பூ ஒரு பொட்டலம். ‘என் தம்பி கையெழுத்துப் போடலாம் என்றால் வெள்ளை கொடு’ என்று கும்பிட்டேன். பூசாரி எடுத்துத் தந்தது சிகப்பு. அதனால் வேண்டாம் தம்பி. இன்னும் கொஞ்சம் காத்திருப்போம்.

எத்தனை நாள் என்று நீ கேட்பாய். சிவன்மலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. யாரோ ஒருவர் கனவில் அவர் வந்து சொன்ன பொருளை அதில் வைத்திருப்பார்கள். இன்னொருவர் கனவில் வந்து வேறு பொருள் சொல்கிறவரை அது அப்படியே இருக்கும். ஒரு வாரமோ, ஒரு வருஷமோ. ‘ஏன் இன்னும் மாறவில்லை’ என்று அங்கே யாரும் அவரைப் போய்க் கேட்பதில்லை. நானும் போகும்போதெல்லாம் பார்த்துவிட்டு வருகிறேன். அதைப் பார்த்தால் என் அவசரம் கொஞ்சம் அடங்குகிறது.

முள் விஷயம் கேட்டிருந்தாய். நேர்த்திக்கு வந்த வலி, நேர்த்தியோடு போகும்.

உன் அக்கா
செல்லத்தாய்


கொமரலிங்கம்
6.10.2024

அக்கா,

எல்லோரும் சுகம்தானே? நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

நன்றாக யோசித்துவிட்டேன். எனக்கு இருபத்தைந்து வயது. ஆறு வருடம் ஓவர்லாக் தைத்தவன். ஒரு நிமிடத்தில் நான் அடிக்கிற சைடு தையலை அந்த லைனில் இன்னொருவர் அடிக்க முடியாது. அந்தக் கையை வைத்துக்கொண்டு இங்கே பாகு கிண்டுகிறேன். கண்ணாடிப் பெட்டிக்கு வயதாவதில்லை. எனக்கு ஆகிறது.

ஈஸ்வரமூர்த்தி சொல்வது சரி. எழுதுவது கைதான். நூற்றுக்கணக்கான பேர் தினமும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தானே வேலைக்குச் சேர்கிறார்கள்? என் கையெழுத்து மட்டும் என்ன உசத்தி?

இத்துடன் தாள் இருக்கிறது. அவன் கேட்ட வரியை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன். கொண்டுபோய் அவன் மேஜையில் வை. முருகன் காலில் வைக்காதே. மேஜையில் வை.

இது தப்பென்றால் அந்தப் பாவம் எனக்கு. உன் பூவுக்கு வேண்டாம்.

ராஜ்கமல்


கொமரலிங்கம்
10.11.2024

அக்கா,

சுகமா?

தீபாவளி போய்விட்டது. சூரசம்ஹாரமும் முடிந்துவிட்டது. நான் தாள் அனுப்பி ஐந்து வாரம். கிடைத்ததா, கொடுத்தாயா, அவன் என்ன சொன்னான், ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை உடுமலையில் ஒரு சின்னத் தையல் கம்பெனியில் கேட்டுப் பார்த்தேன். உள்ளே போனவர் திரும்பி வரவேயில்லை. அரை மணி நேரம் கழித்து வேறொருவர் வந்து கேட்டைச் சாத்தினார். அப்படியென்றால் போட்டோ இன்னும் இருக்கிறது.

தாள் எங்கே?

ராஜ்கமல்


திருப்பூர்
1.12.2024

அன்புத் தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. நாங்கள் சுகம்.

கந்தவேல் ஐயா மூலம் நீ கொடுத்தனுப்பிய வெல்லம் வந்தது. அதில் அதிரசம் சுட்டு, மதுமதிக்கும் கொடுத்தேன். “அண்ணன் கிண்டுன பாகுங்களா? தையலு மாதிரியே நைசா இருக்குங்க” என்றாள். ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது, நொய்யலில் சாயநுரை இல்லாமல் தண்ணீர் போனது. சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருந்தேன். இந்த மாதம் மலை ஏறவில்லை, அடிவாரத்தில் உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். செக்கிங் டேபிளுக்கு ஒரு ஸ்டூல் கேட்டிருக்கிறேன். தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத எனக்கு இன்னும் நேரம் வரவில்லை. என் மேல் கோபப்படு. கோபத்தோடு சாப்பிடாமல் மட்டும் இருக்காதே.

உன் அக்கா
செல்லத்தாய்


திருப்பூர்
12.1.2025

ராஜ்கமல் அண்ணாவுக்கு வணக்கங்க.

நான் மதுமதி, ஊசி ரூம். அக்கா எழுத வேண்டாம் என்றுதான் சொன்னார். அக்கா சொன்னதை நான் மீறுவது இதுதான் முதல் தடவைங்க. அக்கா நன்றாக இருக்கிறார். முதலில் அதை எழுதிவிட்டேன், இனிப் பயப்படாமல் படியுங்கள்.

போன திங்கட்கிழமை செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்த அக்கா அப்படியே சரிந்துவிட்டார். வலது கால் கணுக்கால் வரை வீங்கிப் பளபளவென்று இருந்தது. மூன்று மாதமாக விந்தி விந்தித்தான் நடந்தார். கேட்டால் “நேர்த்தி முள்ளு” என்பார். நாங்களும் சாமி காரியம் என்று விட்டுவிட்டோம். எங்கள் புத்தி அவ்வளவுதானுங்க.

இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்புக்குக் கீழே வெள்ளையாக ஒரு சின்னக் கோடு. டாக்டர் கேட்டார், “ஏம்மா, ஊசிய உள்ள வெச்சுட்டா இத்தன நாளு நடந்தீங்க?”

எனக்கு உடனே அந்த மூன்றாவது துண்டுதான் ஞாபகம் வந்ததுங்க. அக்காவுக்கும் அதுதான் போல. மறுநாள் அதை எடுக்கும்போது அக்கா டாக்டரிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “சார், அதக் கீழ போட்டுறாதீக. ஊசி ரூம்ல கொடுக்கணும்.” டாக்டர் சிரித்துவிட்டார். “காலு போயிருக்கும், இந்தம்மா ஊசி ரூம்ங்குது” என்று சொல்லி ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்தார்.

நான் ரிஜிஸ்டரை எடுத்தேன். ஜூன் 18, மெஷின் 27, ராஜ்கமல். இரண்டு துண்டும் டேப்புக்குள் அப்படியே இருந்தது. மூன்றாவதைப் பக்கத்தில் வைத்தேன். உடைந்த வாய் பல்லோடு பல் பொருந்தியதுங்க. ஊசியில் ஓடுகிற பள்ளம் கூட ஒரே நேர்கோடு. தைக்கலாம் போல இருந்தது.

அந்த வரியில் ‘கிடைத்த இடம்’ என்கிற கட்டம் ஏழு மாதமாகக் காலியாக இருந்தது. அதில் எழுதினேன்: ‘தொழிலாளி செல்லத்தாய், வலது குதிகால்.’ மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் அந்த வரி முடியும். ஈஸ்வரமூர்த்தி சாரிடம் கொண்டுபோனேன்.

“இத எப்படீம்மா ரிஜிஸ்டர்ல எழுதறது? அந்தப் பக்கத்த எடுத்துட்டு வேற எழுது.”

“பக்கத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்குங்க சார். வெள்ளிக்கெழம வெளிநாட்டுக்காரங்க ஆடிட்டுக்கு வர்றாங்க. மொதல்ல நம்பரத்தான் எண்ணுவாங்க.”

முன்னும் பின்னும் புரட்டிப் பக்க நம்பரைச் சரிபார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அதை நான் போட்டோ எடுத்து எங்கள் லைன் குரூப்பில் போட்டேன். மேனேஜர்கள் குரூப்புக்கு அது எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாதுங்க.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கையெழுத்துத் தாளை அக்கா கொடுக்கவே இல்லை. தீபாவளிக்கு முன்னால் சார் தினமும் கேட்டார். ஒருநாள் லைன் நடுவில் நிற்க வைத்துக் கேட்டார். “தாளு வந்துச்சுங்களா?” என்பார். அக்கா வாயே திறக்கவில்லை. வலிக்கிற காலோடு அரை மணி நேரம் நின்றார். அன்றைக்கு அந்தத் தாளைக் கொடுத்திருந்தால், இன்றைக்கு இந்தத் துண்டு கிடைத்தும் யார் நம்புவாங்க?

இதை இன்றைக்கே பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், பொங்கலுக்கு வாங்க அண்ணா.

மதுமதி


கொமரலிங்கம்
19.1.2025

அக்கா,

கால் எப்படி இருக்கிறது? கட்டு மாற்ற யார் கூட்டிப்போகிறார்கள்? மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. நீ எனக்கு எழுதியதையெல்லாம் இப்போது நான் உனக்கு எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்து மூன்று நாள் உன் காலடியில் உட்கார்ந்திருந்தேன். டீ குடித்தேன், வேல்விழியோடு தாயம் ஆடினேன், ஒன்றும் பேசவில்லை. பேச வராததை எழுதுகிறேன்.

நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். பயத்தில் போட்டேன். யோசித்தேன் என்று எழுதியது பொய். எட்டு மெஷினை நிறுத்தின ஆள் என்று எனக்கு என் மேல் ஒரு நினைப்பு இருந்தது. நீ எந்த மெஷினையும் நிறுத்தவில்லை. யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. லைன் நடுவில் அரை மணி நேரம் வாய் திறக்காமல் நின்றாய். அந்த ஒடிசாக்காரப் பெண்ணை நிற்க வைத்த அதே இடம். அப்போது நிறுத்த நான் அங்கே இல்லை. மதுமதியிடம் கேட்டேன், யாராவது மெஷினை நிறுத்தினார்களா என்று. “மொதல்ல அந்த ஒடிசாப் பொண்ணுதானுங்க நிறுத்துச்சு. அப்புறம் எல்லாரும்” என்றாள். இதை நீ எனக்கு எழுதவே இல்லை.

கம்பெனி ஒரு தாள் கொடுத்திருக்கிறது: ‘மேற்படி நபர் மீது புகார் ஏதும் இல்லை.’ நபர்! மன்னிப்பு என்ற வார்த்தையை அவர்கள் என்னிடம்தான் கேட்டார்கள். எழுதத் தெரியாததால்தான் என்னிடம் கேட்டிருப்பார்கள் போல. அவிநாசி ரோட்டுக் கம்பெனியில் பிப்ரவரியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். அதே வாட்ச்மேன். “அந்த ஊசிக்காரரு நீங்கதானுங்க?” என்று மறுபடி கேட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது. எழுந்து நின்று கேட்டார்.

உன்னிடம் இரண்டு கேள்வி. தாள் எங்கே? ஊசி எப்போது குத்தியது?

உன் தம்பி
ராஜ்கமல்


திருப்பூர்
2.2.2025

அன்புத் தம்பிக்கு,

கால் காய்ந்துவருகிறது. கட்டு மாற்ற மச்சான் வருகிறார். ஆஸ்பத்திரி வாசனைக்கு அவருக்குத்தான் மயக்கம் வருகிறது, நான் பிடித்துக்கொள்கிறேன்.

தாள் அரிசி டிரம்மில் இருக்கிறது. அடியில், பாலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறேன். கொடுக்க மனம் வரவில்லை. உன் கையெழுத்து என்பதால் கிழிக்கவும் மனம் வரவில்லை. தினமும் அரிசி அளக்கும்போது கை அதில் படும். ‘இதை நான் வெளியே எடுக்காமல் பார்த்துக்கொள்’ என்று கும்பிட்டுவிட்டு உலை வைப்பேன். நாலு மாதம் எங்கள் வீட்டுச் சோறு அப்படித்தான் வெந்தது.

ஊசி அன்றைக்கு மத்தியானமே குத்தியது தம்பி. நீங்கள் எல்லோரும் தேடினபோது நானும் வந்து உன் மெஷினுக்கு அடியில் தேடினேன். எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது. குனிந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். அப்போது நீ அழுதாய். நான் உன்னைப் பார்த்தேன், காலை மறந்துவிட்டேன். பிறகு வலித்தபோது நேர்த்திக்கு வந்த முள் என்று நினைத்துக்கொண்டேன். அதைப் பிடுங்குவது அவரை ஏமாற்றுவது மாதிரி என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

ஏழு மாதம் ஆக்கிவிட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் வாய் திறந்து கேட்பதற்கு முன்னாலேயே என்னிடம் கொடுத்துவிட்டார். யார் கையில் கொடுத்தாலும் தொலைந்துபோகும், யாராவது எடுத்து எறிந்துவிடுவார்கள் என்று, யாரும் எடுக்க முடியாத இடத்தில் வைத்திருந்தார். நான் அதன் மேலேயே நின்றுகொண்டு, அதைக் கொடு கொடு என்று காந்தத்தோடு தரையைத் தடவினேன். நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. மலை ஏறினபோதும் அது என்னோடுதான் ஏறியது.

ஏன் இன்னும் முன்னால் காட்டவில்லை என்று கேட்டால், எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. நீ வந்துவிட்டாய்.

தைப்பூசத்துக்குப் படி ஏற டாக்டர் விடமாட்டார். எனக்குப் பதில் நீ போய் வா. நம்ப வேண்டாம். போய் வந்தால் போதும்.

உன் அக்கா
செல்லத்தாய்


சிவன்மலை
11.2.2025, தைப்பூசம்

மேலே இருப்பவனுக்கு,

உன்னிடம் சுகம் விசாரிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கூட்டத்தைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறாய்.

உனக்குக் காது கேட்காது என்று என் அக்காவுக்கு எழுதியவன் நான்தான். அவள் ஏற முடியாததால் அவளுக்குப் பதில் ஏறி வந்திருக்கிறேன். கண்ணாடிப் பெட்டியையும் பார்த்தேன். அவளுக்கு வாங்கிய புதுச் செருப்பு என் பையில் இருக்கிறது. இறங்கிப் போய் அவள் காலில் நானே மாட்டுவேன். இந்தத் தாளை மடித்து உண்டியலில் போடுகிறேன். பணத்துக்கு நடுவில் கிடக்கும், தேடிப் படித்துக்கொள்.

பொருந்தின மூன்று துண்டையும் ரிஜிஸ்டரில் பார்த்தேன். எனக்கு மெஷின் தெரியும், ஊசி தெரியும். அது எப்படி உடைந்தது, எப்படிப் பறந்தது, எப்படி ஏறியது என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் விளக்கம் இருக்கிறது. அதைச் சுமந்து ஏழு மாதம் ஒருத்தி உன்னை நோக்கி நடந்தாளே, அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. நீதான் முன்பே கொடுத்துவிட்டாய் என்று அவள் சொல்கிறாள். மற்றவர்கள் சொன்னால் சண்டை போடுவேன். அவள் சொன்னால் எனக்கு மறுக்கத் தெரியவில்லை.

அப்படியே இருக்கட்டும், நீதான் கொடுத்தாய். அப்படியென்றால் ஒரு கணக்கு நேராகவில்லை. அன்றைக்கு அந்தத் தரையில் அறுபது பேர் வெறுங்காலோடு நடந்தோம். என் கால் அவள் காலுக்கு இரண்டடி தள்ளித்தான் இருந்தது. உன்னைத் திட்டுகிற கால் அது. அதில் வைத்திருக்கலாம், நான் அப்போதே கத்தியிருப்பேன், அப்போதே கிடைத்திருக்கும். அத்தனை காலையும் விட்டுவிட்டு, உன்னை நம்பின அந்த ஒரு காலை ஏன் எடுத்தாய்?

கனவில் சொல், பூவில் சொல், எதில் வேண்டுமானாலும் சொல். தேதி கேட்கவில்லை. ஆனால் பதில் சொல்.